வயிற்றுக் கொழுப்பு சும்மா இருப்பதில்லை: மாதவிடாய் நிற்கும் வயதில் நான் புரிந்துகொண்டவை

47 வயதுக்குப் பிறகு என் எடை ஒன்றும் பெரிதாகக் கூடிவிடவில்லை. ஏற்கெனவே பருமனான உடம்பு. அதில் இரண்டு கிலோ ஏறினாலும் இறங்கினாலும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதுவரை இடுப்பில் இறுகிய உடைகள் வயிற்றில் இறுக ஆரம்பித்தன. தொடையும் பின்பக்கமும் இளைத்தன, வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. கூடவே மாதவிடாய் தேதி தவறியது. ராத்திரி வியர்த்து விழிப்பு வந்தது. தாடையில் முரட்டு முடி ஒன்றிரண்டு எட்டிப் பார்த்தது. பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடித்தது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்."

அது பாதி உண்மை. இவற்றில் எது வயதால் வருவது, எது மாதவிடாய் நிற்பதால் வருவது, எது பருமனால் வருவது என்று பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன செய்யலாம் என்பது பிடிபடும். எல்லாவற்றையும் "ஹார்மோன் பிரச்சினை" என்று சேர்த்துக் கட்டி ஓரமாக வைத்தால், சரிசெய்யக்கூடியதும் அதோடு ஓரம்போய்விடும்.

வயதிலிருந்து தொடங்குகிறேன். 40 தாண்டினால் மெட்டபாலிசம் படுத்துவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள். 2021-ல் 'சயின்ஸ்' இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400-க்கும் மேற்பட்டவர்கள், பிறந்து 8 நாளான குழந்தை முதல் 95 வயது முதியவர் வரை. கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடம்பு செலவழிக்கும் சக்தி கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது. ஆண், பெண் இருவருக்கும் இதே கதைதான். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது. அப்படியானால் இந்த வயிறு எங்கிருந்து வந்தது?

"கொழுப்பு நீங்கலான எடை" என்ற அந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. அதில் பெரும்பங்கு தசை. தசை கரைந்தால் செலவும் குறையும். அமெரிக்காவில் 1996-ல் தொடங்கி நடுவயதுப் பெண்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்த 'ஸ்வான்' என்ற ஆய்வு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. மாதவிடாய் தடுமாறத் தொடங்கும் காலத்தில் கொழுப்பு சேரும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. அதே சமயம் தசை குறையத் தொடங்குகிறது. கடைசி மாதவிடாய்க்குப் பிறகு சுமார் இரண்டு ஆண்டுகள் வரை இது தொடர்ந்து, பிறகு நிதானப்படுகிறது. தசை போய் அந்த இடத்தில் கொழுப்பு வந்தால் எடைக் கருவிக்கு என்ன தெரியும்? அது மொத்தத்தைத்தான் காட்டும்.

கொழுப்பு எங்கே உட்காருகிறது என்பதில்தான் சினைப்பைக்குப் பங்கு இருக்கிறது. சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் தாராளமாக இருக்கும் வரை கொழுப்பு தொடை, இடுப்புப் பக்கம் தோலுக்கு அடியில் சேரும். ஈஸ்ட்ரோஜன் இறங்க இறங்க, வயிற்றுக்குள்ளே குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர ஆரம்பிக்கிறது. பசியையும் சக்திச் செலவையும் பார்த்துக்கொள்ளும் மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலும் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை உண்டு. ஆக, மெனோபாஸ் எடையை அள்ளிக் கொட்டுவதில்லை; இருக்கிற எடையை இடம் மாற்றி வைக்கிறது. எடை கூடுவது பெரும்பாலும் வயதின் வேலை, வயிற்றுக்கு வருவது மெனோபாஸின் வேலை. என் மகளிர் நல மருத்துவர் இப்படிப் பிரித்துச் சொன்ன பிறகுதான் எனக்கு நிம்மதி வந்தது.

அவரிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தோன்றலாம். கொழுப்பிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டாகிறது என்று எங்கோ படித்திருந்தேன். "அப்போ குண்டா இருக்கிறவங்களுக்கு மெனோபாஸ் கஷ்டம் கம்மியாத்தானே இருக்கணும் டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துப் படம் போட்டார்.

சினைப்பை தருவது ஈஸ்ட்ரடையால், வீரியம் கூடிய ஈஸ்ட்ரோஜன். அது நிற்கும் காலத்தில் அட்ரீனல் சுரப்பியிலிருந்து வரும் ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோன்களை, கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமட்டேஸ் என்ற நொதி ஈஸ்ட்ரோன் என்ற வீரியம் குறைந்த ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு அதிகமிருந்தால் இதுவும் அதிகம். "ஆனா இதுக்குக் கடிவாளம் கிடையாதும்மா," என்றார். "முன்னாடி மாசாமாசம் முட்டை வெளிவந்த பிறகு புரோஜெஸ்டிரோன் வந்து கருப்பையோட உள்சவ்வை அடக்கி வச்சது. இப்போ முட்டை ஒழுங்கா வர்றதில்லை, அதனால புரோஜெஸ்டிரோனும் இல்லை. ஈஸ்ட்ரோஜன் மட்டும் தூண்டிக்கிட்டே இருந்தா சவ்வு வளர்ந்துக்கிட்டே போகும்."

அவர் இதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. சில மாதங்கள் வராமலிருந்த மாதவிடாய் ஒருமுறை வந்தது, வந்தது நிற்கவில்லை. கட்டி கட்டியாகப் போனது, நாப்கினை மாற்றி மாளவில்லை, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நிற்கும் காலத்தில் இப்படித்தான் ஒருமுறை கொட்டிவிட்டு நிற்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். ஸ்கேனில் உள்சவ்வு தடித்திருந்தது. 45 வயதுக்கு மேல் இப்படி இயல்பற்ற ரத்தப்போக்கு வந்தால், அதிலும் பருமன் இருந்தால், சவ்விலிருந்து துளி எடுத்துப் பரிசோதிக்காமல் விடக்கூடாது என்று பயாப்சி செய்தார். மெல்லிய குழாயை உள்ளே விட்டு எடுத்தார்கள். அந்தச் சில நொடிகள் அடிவயிறு சுருட்டிப் பிடித்து இழுத்தது, அப்புறம் ஒன்றுமில்லை. செல்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன, ஆனால் வடிவம் மாறவில்லை என்று முடிவு வந்தது. இந்த வகை புற்றுநோயாக மாறும் வாய்ப்பு 20 ஆண்டுகளில் 5 சதவீதத்துக்கும் குறைவு. மருந்துக்குக் கேட்கும். புரோஜெஸ்டிரோன் மாதிரி வேலை செய்யும் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற மருந்தைச் சுரக்கும் சிறிய சாதனத்தைக் கருப்பைக்குள் பொருத்தினார்கள். ஆறு மாத இடைவெளியில் மறு பயாப்சி. ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை.

இதில் பெண்கள் எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமலிருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. அதற்குப் பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், வலி இல்லாவிட்டாலும், மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஆனால் கருப்பை உள்சவ்வுப் புற்றுநோய் இருந்தால் அதன் முதல் அடையாளம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும், ஆரம்பத்திலேயே பிடிபட்டால் நன்றாகக் குணமாகும். பருமனான பெண்களுக்கு இந்தப் புற்றுநோயும், மெனோபாஸுக்குப் பிந்தைய மார்பகப் புற்றுநோயும் கூடுதலாக வருவதற்கு அந்தக் கடிவாளமற்ற ஈஸ்ட்ரோஜனும் ஒரு காரணம்.

இனி அந்தக் கறுத்த கழுத்துக்கும் தாடை முடிக்கும் வருகிறேன்.

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு அடகுக்கடைப் பெட்டி மாதிரி வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பதில்லை. அதிலிருந்து கொழுப்பமிலங்கள் கசிந்து நேராகக் கல்லீரலுக்குப் போகின்றன. அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களும் கூடவே வருகின்றன. இன்சுலினுக்குத் துணைநிற்கும் அடிப்போனெக்டின் என்ற ஹார்மோன் குறைகிறது. விளைவாக, இன்சுலின் சொல்வதைக் கல்லீரலும் தசையும் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் அதிகம் இன்சுலினை ஊற்றுகிறது. பின்கழுத்திலும் அக்குளிலும் வெல்வெட் மாதிரி கறுத்துத் தடிப்பது பெரும்பாலும் இந்தக் கூடுதல் இன்சுலினின் அடையாளம். நான் அதை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தேய்த்தால் போகாது.

இன்சுலின் அதிகமானால் இன்னொன்றும் நடக்கிறது. பாலின ஹார்மோன்களைக் கட்டிவைக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் செய்கிறது. கட்டு தளர்ந்ததும் டெஸ்டோஸ்டிரோன் சுதந்திரமாக உலவுகிறது. பெண்களின் உடம்பிலும் அது எப்போதும் உண்டு. ஈஸ்ட்ரோஜன் குறைந்த நேரத்தில் அதன் கை ஓங்குகிறது. தாடையில் முடி, தலையில் முடி மெலிவு. சினைப்பைக் கட்டிகள் இளவயதிலேயே இருந்தவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும்.

அப்புறம் லெப்டின். 1994-ல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்த ஹார்மோன். கொழுப்பணுக்கள் இதைச் சுரந்து "போதுமான சேமிப்பு இருக்கு" என்று மூளைக்குத் தகவல் அனுப்பும். கொழுப்பு அதிகமுள்ளவர்களுக்கு லெப்டினும் அதிகம்தான், ஆனால் மூளை அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடுகிறது. பருமனான ஒருத்தியைப் பார்த்து வாயைக் கட்டு என்று சொல்வது எவ்வளவு சுலபம்! வயிறு நிறைந்த செய்தியே போய்ச் சேராத மூளையை வைத்துக்கொண்டு வாயைக் கட்டிப் பார்க்கட்டும்.

ராத்திரி வியர்வையைப் பற்றிச் சொல்லவேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் நரம்பணுக்கள் அளவுக்கு மீறித் துடிக்கின்றன. கொஞ்சம் சூடேறினாலும் உடம்பு பதறிப்போய் ரத்தக்குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. இந்த வெப்ப அலை எனக்கு நெஞ்சிலிருந்து ஆரம்பித்து முகம் வரை ஏறும். காதுமடல் கொதிக்கும். போர்வையை உதறிய இரண்டாவது நிமிடம் முதுகு சில்லிட்டு நடுங்கும். நடுவயதில், குறிப்பாக மாதவிடாய் முழுதாக நிற்பதற்கு முந்தைய கட்டத்தில், பருமனானவர்களுக்கு இது அதிகம் வருகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு சூட்டை வெளியேற விடாமல் தடுப்பது ஒரு காரணம் என்கிறார்கள். கொழுப்பிலிருந்து வரும் ஈஸ்ட்ரோன் காப்பாற்றும் என்ற என் கணக்கு இங்கேதான் தப்பாகிறது. ஸ்வான் ஆய்வில் இந்தத் தொந்தரவு அடிக்கடி வந்தவர்களுக்கு அது நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 ஆண்டுகள். ஆறு மாதத்தில் போய்விடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் கவனிக்கவும்.

ஆனால் என் தூக்கம் கெட்டதற்கு இது மட்டும் காரணமில்லை. "நீ குறட்டை விடுறது நடுவுல நின்னுபோகுது, அப்புறம் திடீர்னு மூச்சு வாங்குறே," என்று என் கணவர் சொன்னார். தூக்கப் பரிசோதனையில் மூச்சுத்தடை தெரிந்தது. தொண்டையின் தசைகளை விறைப்பாக வைப்பதில் ஈஸ்ட்ரோஜனுக்கும் புரோஜெஸ்டிரோனுக்கும் பங்கிருப்பதால் மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கு இது கூடுகிறது, பருமன் சேர்ந்தால் இன்னும் கூடுகிறது. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறும், லெப்டின் இறங்கும், மறுநாள் இன்சுலினும் சரியாக வேலை செய்யாது. முகமூடி வழியாகக் காற்றை அழுத்தித் தரும் கருவியை வைத்துக்கொண்டு தூங்கப் பழகியபின், பகல் களைப்பு பாதியாகக் குறைந்தது. களைப்பு என்றதும் மெனோபாஸ் என்று முடிவுகட்டியிருந்தால் இது வெளியே வந்திருக்காது. தைராய்டு குறைபாடும் இதே மாதிரிதான்: களைப்பு, எடை, மாதவிடாய்க் கோளாறு, முடி உதிர்வு எல்லாமே மெனோபாஸ் வேஷத்தில் வரும். ஒரு டி.எஸ்.ஹெச் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

பரிசோதனை என்றதும் பலரும் "முழு ஹார்மோன் பேனல்" எடுக்க ஓடுகிறார்கள். 45 வயதுக்கு மேல், அறிகுறிகள் பொருந்தியிருந்தால், மெனோபாஸைக் கண்டறிய, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச் அளவைப் பார்க்கும் பரிசோதனை பொதுவாகத் தேவையில்லை. மாதவிடாய் தடுமாறும் காலத்தில் அது ஒரு வாரம் ஏறும், அடுத்த வாரம் இறங்கும். அந்தப் பணத்துக்கு எனக்கு உண்மையில் பயன்பட்டவை வேறு: சில மாதச் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, ரத்தக் கொழுப்புகள், கல்லீரல் நொதிகள், தைராய்டு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், ரத்த அழுத்தம். ஹெச்பிஏ1சி 5.7-லிருந்து 6.4 சதவீதம் வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 தொட்டால் நீரிழிவு. எனக்கு 6.1. கெட்ட கொழுப்பான எல்.டி.எல், கடைசி மாதவிடாயை ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில் சட்டென்று ஏறும் குணமுள்ளது. எனக்கும் ஏறியிருந்தது. அதுவரை சரியாக இருந்ததே என்று நம்பிக்கொண்டு இந்தக் காலத்தில் பார்க்காமல் விடக்கூடாது.

வீட்டில் வைத்துக்கொள்ள எடைக் கருவியைவிட அளவு நாடா மேல். கடைசி விலா எலும்பின் அடிவிளிம்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். தோலில் பதிய அழுத்தக்கூடாது, வயிற்றை எக்கக்கூடாது. உயரத்தில் பாதிக்குமேல் இருந்தால் கவனம் தேவை. ஆசியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று ஒரு எல்லையும் வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை அளந்தால் போதும்.

நான் செய்ததில் முதலிடம் தசைக்கு. உணவுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான். சுருங்கி விரியும் தசை இன்சுலின் உதவி இல்லாமலேயே சர்க்கரையை உள்ளே இழுக்கும் என்பது எனக்குப் பெரிய செய்தியாக இருந்தது. இன்சுலின் பேச்சு எடுபடாத உடம்புக்கு இது பின்வாசல். ஆனால் பருமனான ஒருத்தி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் நிற்பதன் சங்கடம் போனவர்களுக்குத்தான் தெரியும். பிசியோதெரபிஸ்ட் ஒருவர் நாற்காலியில் இருந்து தொடங்கி வைத்தார். கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும், தொப்பென்று விழக்கூடாது. முதலில் கையை ஊன்றாமல் என்னால் எழவே முடியவில்லை. நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டினார். எழ வந்ததும் தலையணையை எடுத்தார். பிறகு கையில் எடை. இதோடு சுவரில் கைவைத்துத் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, குதிகாலை உயர்த்துவது. வாரத்துக்கு இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, 150 நிமிடமாவது வேக நடை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறும் உயரம் குறையும். இது எனக்கு வேக நடையைவிடவும் பழக்கமாக ஒட்டிக்கொண்டது, ஏனென்றால் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. எலும்புக்கும் இந்தப் பயிற்சிகள் நல்லவை. பருமனானவர்களுக்கு எலும்பு கெட்டியாக இருக்கும் என்ற நம்பிக்கையை முழுதாக நம்ப வேண்டாம். கணுக்கால் எலும்பு முறிவு அவர்களுக்கு அதிகம்.

சாப்பாட்டில் நான் பெரிதாக எதையும் விலக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கிறதா என்று பார்த்தேன், அவ்வளவுதான். இந்த வயதில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்கிறார்கள். பருமனானவர்கள் இருக்கிற முழு எடைக்கும் பெருக்கக்கூடாது, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கூட்டக்கூடாது. பட்டினி கிடந்து எடை குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். போன எடை திரும்பி வரும்போது பெரும்பாலும் கொழுப்பாகத்தான் வரும்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு இருந்த மலைப்பைப் போக்கியது 2002-ல் வெளிவந்த அமெரிக்க நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. 3,234 பேர், எல்லோரும் நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரம் 150 நிமிடம் உழைப்பது என்ற இலக்கோடு வாழ்க்கைமுறையை மாற்றியவர்களுக்கு நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தவர்களுக்கு 31 சதவீதம். 90 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்றால் ஆறேகால் கிலோ. கல்யாணத்துக்கு முன்பிருந்த எடைக்குப் போகவேண்டிய அவசியமில்லை! உள்ளுறுப்புக் கொழுப்பு முதலில் கரைவதால் பலன் கண்ணாடியில் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் தெரிகிறது. என் ஹெச்பிஏ1சி இப்போது 5.8. கழுத்துக் கருமை வெளுத்திருக்கிறது. தாடை முடி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, பிடுங்கிக்கொள்கிறேன்.

எடை குறைக்கும் புதிய ஊசிகளைப் பற்றி என் வயதுக்காரர்கள் எல்லோரும் விசாரிக்கிறார்கள். செமாக்ளூடைட் போன்றவை வேலை செய்கின்றன, தேவைப்படுபவர்கள் எடுப்பதில் வெட்கம் எதுவுமில்லை. ஆனால் குறையும் எடையில் தசையும் உண்டு. ஏற்கெனவே தசை நழுவும் வயது இது. பயிற்சியும் புரதமும் இல்லாமல் ஊசியை மட்டும் நம்பக்கூடாது.

ஹார்மோன் சிகிச்சை பற்றி இன்றும் பயம் இருக்கிறது. 2002-ல் அமெரிக்காவின் 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து வந்த பயம் அது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகி 10 ஆண்டுகளுக்குள் தொடங்கும் பலருக்கு நன்மையே தூக்கலாக இருக்கும் என்பது இன்றைய நிலைப்பாடு. வெப்ப அலைக்கும் எலும்புக்கும் அது நல்ல மருந்து, எடை குறைக்கும் மருந்து இல்லை. கருப்பை இருப்பவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுக்கக்கூடாது, புரோஜெஸ்டிரோன் வகை மருந்தான புரோஜெஸ்டோஜன் சேர்த்தே கொடுக்க வேண்டும். பருமன் இருந்தால் ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல் என்பதால் மாத்திரையைவிட தோலில் ஒட்டும் பேட்ச் அல்லது பூசும் ஜெல்லை விரும்புகிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இது கிடையாது. அவர்களுக்கு ஹார்மோன் இல்லாத மருந்துகள் இருக்கின்றன.

என் அக்கா பேட்ச் ஒட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குகிறாள். எனக்குக் கருப்பைக்குள் இருக்கும் சாதனமே புரோஜெஸ்டோஜன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. அது இருப்பதால் ரத்தப்போக்கு கிட்டத்தட்ட இல்லை, ஆகவே 12 மாதக் கணக்கை வைத்து எனக்கு மெனோபாஸ் ஆகிவிட்டதா என்று சொல்லவும் வழியில்லை. வெப்ப அலைகள் முன்புபோல் அடிக்கடி வராவிட்டாலும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அடுத்த பயாப்சி முடிவும் சரியாக வந்தால் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் சேர்ப்பதைப் பற்றிப் பேசலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.